நெட் மேல் போட்ட பழி

எங்கள் தீவில் எது நடக்கவில்லை என்றாலும் அதற்கு ஒரே பதில்தான்: நெட் இல்லை. கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லையா, நெட். சம்பளம் வங்கியில் ஏறவில்லையா, நெட். கல்யாணத்துக்கு ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டால்கூட, வாட்ஸாப்பில் பத்திரிகை அனுப்பினேனே, நெட் இல்லாமல் வந்து சேரவில்லை போலிருக்கிறது என்பார்கள். சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் வருவதற்கு முன்பு அது உண்மை. ஒரு போட்டோவை அனுப்ப வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால் பாதிதான் போயிருக்கும். கேபிள் வந்த பிறகு நெட் ஏறக்குறைய ஒழுங்காகத்தான் இருக்கிறது. எங்கள் வாய்தான் மாறவில்லை.

மற்றவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பதிலை அதிகம் சொன்னவள் நான்தான். போர்ட் பிளேரில், டாலிகஞ்சில், மெயின் ரோட்டிலிருந்து இறங்கும் ஒரு சந்தில் எனக்குக் கடை இருக்கிறது. ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு ஸ்கேனர், ஒரு பழைய லேப்டாப், மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. கப்பல் டிக்கெட், விமான டிக்கெட், தீவுவாசி என்பதற்கான ஐலண்டர் கார்டு, பள்ளிக்கூட விண்ணப்பம், டிரான்ஸ்ஃபர் விண்ணப்பம், எதுவானாலும் நிரப்பி அனுப்பித் தருவேன். எனக்குத் தமிழிலும் இந்தியிலும் நன்றாகத் திட்டத் தெரியும் என்பதால் கூட்டம் ஒழுங்காக வரிசையில் நிற்கும்.

லேப்டாப்புக்குப் பத்து வயது இருக்கும். கடைசி ஒரு வருடமாகவே அதற்குப் புத்தி சரியில்லை. பாதி வேலையில் உறைந்து நிற்கும். திடீரென்று திரை நீலமாகி, வருத்தப்படுவதுபோல் ஒரு வரியைக் காட்டிவிட்டு அணைந்து எரியும். நான் அதன் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டுவேன், மறுபடி ஓடும். அவ்வப்போது யாராவது வந்து, "தீதி, நம்ம ஃபார்ம் ரிஜெக்ட் ஆயிடுச்சு" என்று நிற்பார்கள். நெட் கோளாறு என்று சொல்லி மறுபடி அனுப்பித் தருவேன். அவர்களும் தலையாட்டிக்கொண்டு போவார்கள். வேறு காரணம் இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை.

எங்கள் சந்தின் கடைசி வீட்டுப் பெண் ஒருத்தி நர்ஸ். நான்கு வருடமாகக் கேம்பல் பேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கிருந்து கப்பலில் போனால் இரண்டு மூன்று நாள் ஆகும். அவள் கணவர் பஸ் டிரைவர். அந்த வருடத் தொடக்கத்தில் அவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆனது. ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தைக்கு அவர் படுக்கையில் படுத்தபடியே தலை பின்னி விடுவார் என்றும், பின்னல் எப்போதும் ஒரு பக்கமாகக் கோணியிருக்கும் என்றும் சந்தில் எல்லோருக்கும் தெரியும். போர்ட் பிளேருக்கு மாற்றல் கேட்டு மே மாத லீவில் வந்தபோது என் கடையில்தான் அவள் விண்ணப்பித்தாள். மாற்றல் பட்டியல் வருடத்துக்கு ஒருமுறைதான். விட்டால் இன்னொரு வருடம் அங்கேதான்.

பிளாஸ்டிக் கவருக்குள் பதினோரு பக்கம் வைத்திருந்தாள். சர்வீஸ் சான்றிதழ், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் பேப்பர், டாக்டர்களின் கடிதம், குழந்தையின் பள்ளிக்கூடச் சான்றிதழ். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து, ஸ்கேன் ஆனவுடன் வாங்கிக் கவருக்குள் வைத்தாள். நான் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக்கி ஏற்றி அனுப்பினேன். பச்சை எழுத்தில் வந்துவிட்டது என்று காட்டியது. மறுநாள் கப்பலில் அவள் திரும்பிப் போனாள், ஒரிஜினல்களும் அவளோடு போயின.

ஜூலை மாதம் நல்ல மழையில் ஒரு திங்கட்கிழமை போன் செய்தாள்.

"அக்கா, ரிஜெக்ட் ஆயிடுச்சுக்கா. சர்ட்டிபிகேட் படிக்கவே முடியலன்னு போட்டிருக்காங்க. மத்லப், அர்த்தம் என்னக்கா? நல்லாத்தானே குடுத்தோம்?"

"நெட்டும்மா" என்றேன், யோசிக்கக்கூட இல்லை. "பாதியில அறுந்திருக்கும்."

"ஆமாக்கா, அன்னிக்கு மழை வேற. நெட் பகுத் கராப், ரொம்ப மோசம்." எனக்குப் பதிலாக அவளே காரணத்தை முடித்துக் கொடுத்தாள். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் அப்ஜெக்‌ஷன் போடலாமாம். போன்ல அந்தப் பேஜ் தொறக்கவே மாட்டேங்குது. நீங்களே போட்டுடுறீங்களாக்கா?"

"ஃபைல் எங்கிட்டதானே இருக்கு. இப்பவே அனுப்பிடுறேன், போ."

போனை வைத்துவிட்டு அவள் ஃபைலைத் திறந்தேன். முதல் இரண்டு பக்கம் சரியாக இருந்தது. மூன்றாவது பக்கம் டாக்டர்களின் கடிதம். அதில் பாதிக்குமேல் சாம்பல் நிறம். அதற்கடுத்த பக்கத்தில் கோடு கோடாக ஏதோ. எட்டாவது பக்கத்துக்குப் பிறகு திறக்கவே இல்லை.

கடலுக்கடியில் போகும் கேபிளுக்கும் என் மேசைமேல் இருக்கும் இந்த ஃபைலுக்கும் என்ன சம்பந்தம்? இது நான் ஸ்கேன் செய்து இங்கேயே சேமித்தது, வெளியே போவதற்கு முன்பே கெட்டுப் போயிருக்கிறது. பக்கத்திலிருந்த மற்றவர்களின் ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்று சரி, இன்னொன்று சரி, அடுத்ததில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பட்டை பட்டையாகப் பச்சை. வரிசையில் நின்றிருந்த ஒருவரிடம் நாளைக்கு வாருங்கள் என்று கத்தினேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, பாவம்.

எங்கள் ஊரில் இரண்டாவது சந்தேகம் எப்போதும் ஈரத்தின் மேல்தான் விழும். மழைக்காலத்தில் இங்கே பீரோவில் வைத்த பட்டுப்புடவையில் பூஞ்சை பூக்கும். அதனால் பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு வைப்போம். புடவை, கேமரா, கல்யாண ஆல்பம், சான்றிதழ் எல்லாம் அந்தச் சூட்டில்தான் பிழைத்துக் கிடக்கும். லேப்டாப்புக்குள் ஈரம் இறங்கிவிட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லி, அதை அன்று மாலை பீரோவில் பல்புக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் எடுத்தபோது அடுப்பில் வைத்த சட்டி மாதிரி சுட்டது. கால் மணி நேரத்தில் மூன்று முறை நீலத் திரை காட்டியது. ஈரம் இன்னும் போகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே வைத்தேன். இதை இப்போது எழுதும்போதுகூட என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மத்தியானம் ஷாதிபூருக்கு எடுத்துப் போனேன். அங்கே ஒரு பெங்காலிக்காரர் லேப்டாப் ரிப்பேர் பார்க்கிறார். என் வயதுதான் இருக்கும். அவசரம் என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. நான் ஃபைலைக் காட்டினேன். அவர் கீழ்மூடியின் திருகாணிகளைக் கழற்றி, ஒவ்வொன்றையும் ஒரு காந்தத் தட்டில் வரிசையாக வைத்துவிட்டு, உள்ளே விரலால் காட்டினார். இரண்டு விரல் நீளத்துக்குப் பச்சை நிறத்தில் இரண்டு பட்டைகள், ஒன்றின்மேல் ஒன்றாக. ரேம். கம்ப்யூட்டரின் மெமரி.

எனக்குப் புரிகிற மாதிரி அவர் இந்தியில் சொன்னது இதுதான். சேமித்து வைக்கிற இடம் வேறு, அது அலமாரி. இது சமையல் மேடை. எதைச் சமைத்தாலும் இந்த மேடையில் வைத்து நறுக்கித்தான் சட்டியில் போட வேண்டும். மேடையில் எங்கேயோ அழுக்கு இருக்கிறது. அந்த இடத்தில் விழுந்த காய் கெட்டுப்போகும், விழாத காய் பிழைக்கும். அதனால்தான் ஒருவர் ஃபைல் நன்றாக இருக்கிறது, இன்னொருவருடையது நாசமாகிறது.

இரண்டு பட்டைகளையும் எடுத்து, அடியிலிருந்த தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார். ஒன்றை மட்டும் மாட்டி, பென் டிரைவிலிருந்து ஒரு சோதனை ஓட்டினார். திரையில் எண்கள் ஓடின, ஐந்தாவது நிமிடத்தில் சிவப்புச் சிவப்பாக வரிகள் கொட்டின. அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மற்றதை மாட்டினார். பத்து நிமிடம், இருபது நிமிடம், சிவப்பே இல்லை.

"மில் கயா!" என்று, கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் எழுந்தேன்.

"தோடா ருகோ தீதி. பூரா டெஸ்ட் மேம் ஏக் கண்டா லகேகா."

கொஞ்சம் பொறுங்கள், முழுச் சோதனைக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்கிறார். எனக்கு எங்கே ஒரு மணி நேரம்? நல்லது மாட்டியிருக்கிறது, கெட்டது வெளியே கிடக்கிறது, இதற்குமேல் என்ன? மூடிக் கொடுங்கள் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் திருகாணிகளைத் திருப்பி முடுக்கினார்.

ஆட்டோவில் வரும்போதே நர்ஸுக்குப் போன் போட்டு, பதினோரு பக்கத்தையும் போனில் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். பழைய ஃபைல் திறக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அன்றைக்குப் பார்த்துக் கேம்பல் பேயில் உண்மையாகவே நெட் சரியாக இல்லை. முதல் படம் நாலு மணிக்கு வந்தது, இரண்டாவது நாலரைக்கு. நான் கடை வாசலில் போய் நிற்பேன், உள்ளே வருவேன், போனைப் பார்ப்பேன், ஜெராக்ஸ் மிஷினைத் துடைப்பேன். பதினோராவது படம் வந்தபோது புதன்கிழமை காலை ஆகிவிட்டது.

உடனே ஃபைலாக்கி ஏற்றினேன். கடைசிப் பொத்தானை அழுத்துவதற்கு முன், ஏற்றியதை அவர்கள் பக்கத்தில் எப்படித் தெரிகிறது என்று திறந்து பார்த்தேன். இத்தனை வருடத்தில் நான் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஏழாவது பக்கம் பாதி சாம்பல்.

மேசையில் நான் அடித்த அடியில் ஸ்டாம்ப் பேட் கீழே விழுந்தது. ஏற்றியதை அழித்துவிட்டு மறுபடி ஷாதிபூருக்கு ஓடினேன். அவரிடம் ஏதேதோ கத்தினேன். இந்த முறை சோதனையை முழுதாக ஓடவிட்டார். நாற்பது நிமிடம் சுத்தமாக ஓடியது. லேப்டாப் நன்றாகச் சூடேறியதும் சிவப்பு வரிகள் வர ஆரம்பித்தன. இரண்டுமே போய்விட்டது, ஒன்று உடனே பல்லைக் காட்டுகிறது, மற்றது சூடானால் காட்டுகிறது என்றார். எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். பல்பு எரியும் பீரோ என்றேன்.

"தீதி, யே சிக்கன் ஹை க்யா?" என்று கேட்டார். பல்புச் சூட்டில் வைக்க இது என்ன கோழியா என்று பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது.

புதிய ரேம் வேண்டும். அவரிடம் இருந்ததெல்லாம் இப்போதைய லேப்டாப்புகளுக்கான வகை. அது இதில் நுழையவே நுழையாது, நடுவில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கிறது. அபர்தீன் பஜாரில் நான்கு கடை ஏறி இறங்கினேன். நான்கிலும் ஒரே பதில்: மெயின்லேண்ட்ல சொல்லித்தான் வரவழைக்கணும். பார்சலில் வர ஒரு வாரம் ஆகும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டாலிகஞ்சிலேயே என்னைப் போல ஃபார்ம் நிரப்புகிற கடை இன்னொன்று உண்டு, புதுக் கம்ப்யூட்டரோடு. அந்தப் பதினோரு படத்தையும் அங்கே எடுத்துப் போயிருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். போகவில்லை. என் மெஷின் ஒரு வருடமாக ஊர் பேப்பரையெல்லாம் கெடுத்துக்கொண்டிருந்தது என்று ஒரே சாயங்காலத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற பயம்தான். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அங்கே போவேன் என்று எனக்கு நானே கெடு வைத்துக்கொண்டேன். இன்னொருத்தியின் ஒரு வருடத்தை வைத்து நான் என் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தேன். அன்று இப்படி வெளிப்படையாக நினைக்கவில்லை, ஆனால் உள்ளுக்குள் தெரிந்தேதான் இருந்தது.

இந்தத் தீவில் அவசரமாக ஒன்று வேண்டுமென்றால் மெயின்லேண்டிலிருந்து யார் வருகிறார்கள் என்றுதான் தேடுவோம். மருந்து, மூக்குக்கண்ணாடி, மிக்ஸியின் பிளேடு எல்லாம் யாருடைய பையிலாவதுதான் வரும். யார் எப்போது வருகிறார்கள் என்று மற்றவர்கள் விசாரிக்க வேண்டும். டிக்கெட் போட்டுக் கொடுத்தவள் நான், எனக்குப் பட்டியலே தெரியும். துணிக்கடை வைத்திருக்கும் ஒரு கீழக்கரை பாய் சரக்கெடுக்கச் சென்னை போயிருந்தார். வியாழக்கிழமை காலை விமானத்தில் திரும்பி வர டிக்கெட் நான்தான் போட்டிருந்தேன். அவருக்குப் போன் போட்டேன்.

"என்னம்மா, டிக்கெட்ல ஏதும் கோளாறா?" என்று பதறினார்.

"இல்ல பாய், ஒரு உதவி. ரிச்சி தெரு கம்ப்யூட்டர் கடை வரைக்கும் போகணும்."

விவரம் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன், கடைக்காரரிடமே போனைக் கொடுத்துவிடுகிறேன் என்றார். புதன்கிழமை சாயங்காலம் ஒரு பட்டையின் லேபிளைப் படமெடுத்து அனுப்பினார். ரிப்பேர்காரருக்கு அனுப்பினேன். இல்லை, இதில் எல் என்ற எழுத்து இல்லை, குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகைதான் வேண்டும், இதைப் போட்டால் லேப்டாப் எழவே எழாது என்றார். பாயை மறுபடி தெருவுக்குள் விரட்டினேன். அந்த மனிதர் துணி மூட்டைகளை ஓட்டலில் போட்டுவிட்டு, எனக்காக நான்கு கடை ஏறி, எல் போட்ட பட்டையைப் பிடித்துவிட்டார். "சட்டைப் பையிலேயே வச்சிருக்கேன், நீ நிம்மதியா இரு" என்றார். நிம்மதியா? எனக்கா?

வியாழக்கிழமை காலையிலிருந்து கொட்டியது. ஏர்போர்ட் எங்களுக்குப் பக்கம்தான், விமானம் இறங்கும் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். மேகத்துக்கு மேலே அந்தச் சத்தம் ஒரு முறை வந்து போனது. இன்னொரு முறை வந்தது. பிறகு அப்படியே தேய்ந்து கிழக்கிலோ மேற்கிலோ போய்விட்டது. நான் குடைகூட இல்லாமல் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து பாய் சென்னையிலிருந்து போன் செய்தார்.

"மேல வந்து ரெண்டு சுத்து சுத்திட்டுத் திருப்பிட்டாம்மா. கீழ ஒண்ணுமே தெரியல. நாளைக்குக் காலைல போடுவாங்களாம்."

அன்று முழுதும் கடையில் ஜெராக்ஸ் மட்டும்தான் ஓடியது. வந்தவர்கள் எல்லோரிடமும் லேப்டாப் ரிப்பேர் என்றேன். "நெட்டும் இல்ல போலிருக்கே" என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். அவரைக் கொல்லாமல் விட்டது என் பெருந்தன்மை. சாயங்காலம் நர்ஸ் ஒரு செய்தி அனுப்பினாள்: "ஆயிடுச்சாக்கா?" நான் பதில் போடவில்லை. அவளிடம் என்ன சொல்வது என்ற நினைப்பிலேயே கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. ஏர்போர்ட்டிலிருந்து பாய் வெளியே வந்தவுடன் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார், நேற்று உட்கார்ந்து போன சீட்டையும் மேகத்தையும் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் விட்டுவிட்டு ஓடியதற்கு அவரிடம் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஷாதிபூரில் ரிப்பேர்காரர் மூடியைக் கழற்றி, புதுப் பட்டையைச் சாய்வாக நுழைத்துக் கீழே அழுத்தினார். இரண்டு பக்கமும் கொக்கி விழும் சத்தம் கேட்டது. சோதனையை ஓடவிட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"பூரா யா ஆதா?"

முழுதாகவா, பாதியா என்று கேலி செய்கிறார். "பூரா" என்றேன்.

அந்த ஸ்டூலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு உட்காரத் தெரியாது என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான். எழுந்து போய்த் திரையைப் பார்ப்பேன், பூஜ்யம் என்றிருக்கும், திரும்பி வந்து உட்காருவேன். லேப்டாப் சூடேறியது. நாற்பது நிமிடம் தாண்டியது. பூஜ்யம். முடிந்ததும் அவரே இன்னொரு முறை ஓட்டினார், நான் தடுக்கவில்லை. இரண்டாவது முறையும் பூஜ்யம் வந்தபோது எனக்கு அழுகை வந்தது. சந்தோஷம் கொஞ்சம்தான், இந்த ஒரு மணி நேரத்தை நான் செவ்வாய்க்கிழமை கொடுத்திருக்கலாமே என்ற எரிச்சல்தான் அதிகம்.

கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கினேன். பதினோரு படத்தையும் ஃபைலாக்கி, ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்து, ஏற்றி, அங்கேயும் திறந்து பார்த்தேன். எல்லாம் தெளிவாக இருந்தது. மணி நான்கைத் தொட்டது. கடைசிப் பொத்தானை அழுத்தினால் ஓ.டி.பி. எண் நர்ஸின் போனுக்குத்தான் போகும். அதைச் சொல்ல அவள் வேண்டும். கூப்பிட்டேன். டியூட்டியில் இருந்தாள், பின்னால் தள்ளுவண்டி உருளும் சத்தம் கேட்டது.

"நெட் சரியாயிடுச்சாக்கா?" என்றாள்.

ஆமாம் என்று சொன்னால் போதும். அந்தச் சொல் நாக்கு நுனியில்தான் இருந்தது. வேறு யாருக்கும் எதுவும் தெரியாது. அந்தப் பட்டைகள் இரண்டும் ரிப்பேர்காரரின் குப்பைக் கூடைக்குப் போயாகிவிட்டது. ஆனால் அவள் அதைக் கேட்ட விதம் என்னை என்னவோ செய்தது. நான்கு நாளாக என்மேல் ஒரு சந்தேகமும் படாமல், நெட்டின் மேலேயே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு காத்திருந்திருக்கிறாள்.

"நெட் இல்லம்மா" என்றேன். "முதல்லேருந்தே நெட் இல்ல. என் லேப்டாப்ல மெமரி கெட்டுப்போயிருந்துச்சு, ஒரு வருஷமா. மே மாசம் உன் பேப்பர அதுதான் கெடுத்துச்சு. நான் தொறந்துகூடப் பாக்காம அனுப்பிட்டேன்."

தள்ளுவண்டி சத்தம் நின்றுவிட்டது. யாரோ சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப அதே லேப்டாப்லதான் போடுறீங்களா?"

"புது மெமரி போட்டாச்சு. பாத்துட்டேன்."

"பதினோரு பக்கமும் படிங்க."

அது எனக்குத் தெரிந்த குரல் இல்லை. வார்டில் மருந்தின் பெயரையும் அளவையும் சரிபார்க்கும்போது பேசும் குரலாக இருக்க வேண்டும். நான் படித்தேன். முதல் பக்கம், இரண்டாவது பக்கம். தேதி வந்த இடத்தில் எல்லாம் நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னாள். மூன்றாவது பக்கம் டாக்டர்களின் கடிதம். துணையில்லாமல் உட்காரவோ எழவோ இவரால் இயலாது, மனைவி உடனிருப்பது அவசியம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மே மாதம் என் கையால் ஸ்கேன் செய்த காகிதம் அது. அந்த வரியை நான் அதுவரை படித்ததே இல்லை.

"ம். அடுத்தது" என்றாள்.

பதினொன்றும் முடிந்தது. "இப்ப அழுத்துங்க" என்றாள். எண் வந்ததும் ஒவ்வொன்றாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். கடைசி இரண்டை மட்டும் இன்னொரு முறை என்றாள். அதையும் சொன்னேன். பச்சை எழுத்து வந்தபோது நாலு இருபத்தெட்டு. போய்விட்டது என்றேன்.

"அக்கா" என்றாள். "நெட்டுன்னு நெனச்ச வரைக்கும் எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல. நம்ம தலையெழுத்துன்னு விட்டுட்டேன். இப்ப கோவமா வருது."

"வரட்டும்மா. நியாயம்தான்."

"வார்டுல கூப்பிடுறாங்க" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த இரண்டு வாரம் பழைய ஃபைல்கள் எல்லாவற்றையும் திறந்து பார்த்து, கெட்டவற்றுக்கு உரியவர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். தப்பு என் மெஷினுடையது, வாருங்கள், மறுபடி அனுப்பித் தருகிறேன் என்றேன். பாதிப்பேர் நம்பவே இல்லை. "அட விடுங்க தீதி, நெட்டாத்தான் இருக்கும்" என்று எனக்கே சமாதானம் சொன்னார்கள். முன்பெல்லாம் இந்த ஊரின் இந்தக் குணம் எனக்கு வசதியாக இருந்தது. இப்போது அதைக் கேட்டால் கூச்சமாக இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து, ஒரு காலை நேரம், நர்ஸின் கணவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாகச் சந்தில் நடந்து வந்தார். அவர் வீட்டைவிட்டு இவ்வளவு தூரம் நடந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டேன். இடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்து, மூச்சு வாங்கிவிட்டு, ஒரு இனிப்புப் பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"ஆர்டர் வந்துருச்சுக்கா. இங்கயே போட்டுட்டாங்க. அடுத்த கப்பல்ல வர்றா."

எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பெட்டியைத் திறந்தேன், ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டும் விட்டேன்.

"எங்கிட்ட சொல்லச் சொன்னாளா?"

அவர் கைத்தடியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"இல்லக்கா" என்றார். "நானாத்தான் வந்தேன்."